உலகம் அழியுறது இருக்கட்டும், நாளைக்குக் காலைல குழாய்ல தண்ணி வரலைன்னா? – வாசகர் கேள்வி பதில்

பேரிடருக்கு வீட்டைத் தயார் பண்றது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். நிறைய வந்திருக்கு, நன்றி. ஆனா பாதிக்கு மேல துப்பாக்கி, தங்கம், பதுங்கு குழி இந்த மூணுலயே சுத்துது, கழிவறை பத்தி கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவருக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லியிருக்கேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நெட்ல பார்த்தா ஒவ்வொருத்தரும் நூறு பொருள் லிஸ்ட் போடுறாங்க, பார்க்கவே மலைப்பா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது? மூணு நாளைக்கு இருந்தா போதும்னு சிலர் சொல்றாங்க, சிலர் ஒரு வருஷம்ங்கிறாங்க. எது சரி?

லிஸ்டை மூடி வெச்சுட்டு தண்ணில ஆரம்பிங்க. சாப்பாடு இல்லாம ஆரோக்கியமான ஒரு ஆள் வாரக்கணக்குல தாக்குப்பிடிப்பார், தண்ணி இல்லாம சில நாள்தான், வெயில் காலம்னா அதுவும் கிடையாது.

மூணு நாள்ங்கிற கணக்கு, அரசாங்கம் உங்க தெருவுக்கு வந்து சேர ஆகுற நேரத்தை வெச்சு போட்டது. ஐரோப்பிய யூனியன் 2025 மார்ச்ல மக்கள் 72 மணி நேரம் சுயமா சமாளிக்கத் தயாரா இருக்கணும்னு சொல்லுச்சு. ஸ்வீடன் 2024 கடைசில வீட்டுக்கு வீடு அனுப்பின கையேட்டுல ஒரு வாரம்னு இருக்கு. ஆனா 2017 செப்டம்பர்ல மரியா புயல் அடிச்ச பியூர்டோ ரிக்கோங்கிற கரீபியன் தீவுல கடைசி வீடுகளுக்கு கரண்ட் திரும்ப வர கிட்டத்தட்ட 11 மாசம் ஆச்சு. அதனால மூணு நாளை முதல் படியா வெச்சுக்கோங்க, ரெண்டு வாரத்தை இலக்கா வெச்சுக்கோங்க, ஒரு வருஷத்தைப் பத்தி இப்போ யோசிக்காதீங்க, ரெண்டு வாரத்தை உருப்படியா பண்ணி முடிச்சவங்களே ரொம்பக் கம்மி.

கணக்கு இதுதான். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் பல் தேய்க்கவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 4 லிட்டர். நாலு பேர், ரெண்டு வாரம்னா 224 லிட்டர். அகதி முகாம்கள்ல நிவாரண அமைப்புகள் குளியல் துவையல் எல்லாம் சேர்த்து வெச்சிருக்கிற அளவு ஆளுக்கு 15 லிட்டர், அந்தக் கணக்குல போனா 840 லிட்டர் வந்துடும். அதனால குடிக்கிற தண்ணியைத் தனியா, மூடி போட்ட சுத்தமான கேன்ல வைங்க, மத்ததுக்கு டிரம், பக்கெட், புயல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே வீட்டுல இருக்கிற எல்லா பாத்திரமும். 224 லிட்டர்னா 224 கிலோ எடைங்க, பரண் மேல ஏத்திடாதீங்க. ஒரே பெரிய கேன்ல வெச்சா அது ஒழுகினா எல்லாம் போச்சு, தவிர உங்களால தூக்கவும் முடியாது. பால் இருந்த கேன், ஜூஸ் பாட்டில் வேண்டாம், என்னதான் கழுவினாலும் ஓரத்துல மிச்சம் ஒட்டிக்கிட்டு கிருமி வளரும். கெமிக்கல் இருந்த கேனைத் தொடவே தொடாதீங்க.

சேர்த்து வெச்சது தீர்ந்துட்டா சுத்தம் பண்ணத் தெரிஞ்சிருக்கணும். தளதளன்னு கொதிச்ச பிறகு ஒரு நிமிஷம், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல இருக்கிறவங்க மூணு நிமிஷம். எரிபொருள் இல்லைன்னா வாசனை, கலர், சோப்பு எதுவும் கலக்காத சாதாரண ப்ளீச், 5-6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது, லிட்டருக்கு ரெண்டு சொட்டு போட்டு கலக்கி அரை மணி நேரம் விடுங்க. கலங்கலா இருந்தா முதல்ல துணில வடிகட்டி, அப்புறம் சொட்டை ரெட்டிப்பாக்குங்க. ப்ளீச் வாங்கி வருஷக்கணக்குல வெச்சிருந்தா வீரியம் போயிடும், அதுக்கும் தேதி எழுதி வைங்க. ஒரு விஷயம் முக்கியம், கொதிக்க வெச்சாலும் சரி ப்ளீச் போட்டாலும் சரி சாகுறது கிருமிதான், பெட்ரோலோ பூச்சிமருந்தோ கலந்த வெள்ளத்தண்ணி அப்படியேதான் இருக்கும், அதை எதுக்கும் குடிக்க நினைக்காதீங்க.

வீட்டுல கீசர் இருந்தா அதுக்குள்ளயும் தண்ணி இருக்கு, நிறைய பேர் மறந்துடுறாங்க. சுவிட்சை அணைச்சு, ஆற விட்டு, உள்ள வர்ற வால்வை மூடிட்டு, அப்புறம்தான் எடுக்கணும்.

தண்ணி தண்ணின்னு ஏன் இவ்வளவு சொல்றேன்னா கரண்ட் போனா தண்ணியும் போகும், மோட்டார் ஓடாதுல்ல. வெனிசுலாவுல 2019 மார்ச் 7 அன்னைக்கு நாட்டுல பெரும்பகுதி இருட்டாச்சு, அடுத்த சில நாள்லயே தலைநகர் கராகஸ்ல ஜனங்க கழிவுநீர் கலந்த ஆத்தோரத்துல குடத்தோட நிக்க வேண்டியதா போச்சு. 1992 முதல் 1996 வரைக்கும் போர்ல முற்றுகையில இருந்த, போஸ்னியா நாட்டு சரஜேவோ நகரத்துல ஒரு பீர் தொழிற்சாலைக்குள்ள இருந்த ஊத்துதான் ஊருக்கே தண்ணி குடுத்துச்சு, அங்க வரிசைல நின்னவங்க மேலயே குண்டு விழுந்துச்சு. உங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல கிணறோ, கைபம்போ, குளமோ எங்க இருக்குன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

கேள்வி: கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனா யாரும் இதைப் பத்தி பேசுறதே இல்ல. அடுக்குமாடி வீட்டுல ரெண்டு வாரம் தண்ணி இல்லைன்னா டாய்லெட்டுக்கு என்ன பண்றது?

கூச்சமே வேண்டாம், வந்த கேள்விலயே உருப்படியான கேள்வி இதுதான்.

முதல்ல, பக்கெட் தண்ணி ஊத்தி ஃப்ளஷ் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, கீழ சாக்கடைக் குழாய் உடைஞ்சிருந்தாலோ வெள்ளத்துல எதிர்த்து வந்தாலோ மேல் மாடில நீங்க ஊத்துறது தரைத்தளத்து வீட்டு பாத்ரூம்ல பொங்கி வரும். நிலநடுக்கம், வெள்ளம் முடிஞ்சதும் குழாய் நல்லா இருக்குன்னு உறுதியா தெரியுற வரைக்கும் ஃப்ளஷ் கூடாது.

மூடி போட்ட ரெண்டு பக்கெட் போதும். ஒண்ணு சிறுநீருக்கு, ஒண்ணு மலத்துக்கு. ரெண்டும் சேர்ந்தாதான் நாத்தமும் எடையும், பிரிச்சுட்டா பாதிப் பிரச்சினை காணாம போயிடும். ரெண்டாவது பக்கெட்ல கெட்டியான பிளாஸ்டிக் பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மாட்டுங்க. ஒவ்வொரு தடவையும் மேல மரத்தூளோ சாம்பலோ காய்ஞ்ச மண்ணோ போட்டு மூடணும், ஈ உக்காரவே கூடாது. பை முக்கால்வாசி ஆனா கட்டி, மூடி இருக்கிற டிரம்ல, வெயில் படாத இடத்துல வெளிய வைங்க. மண் தரை இருக்கிறவங்க குழி தோண்டலாம், ஆனா கிணத்துல இருந்து குறைஞ்சது 30 மீட்டர் தள்ளி. பக்கத்துலயே கை கழுவ சோப்பும் ஒரு மக்கு தண்ணியும், அந்தத் தண்ணியை எந்தக் கஷ்டத்துலயும் மிச்சம் பிடிக்காதீங்க. மாதவிடாய் துணி இல்ல பேட், குழந்தை இருந்தா டயப்பர், படுக்கைல இருக்கிற பெரியவங்களுக்கான டயப்பர், இதையெல்லாம் ஆம்பளைங்க எழுதுற லிஸ்ட்ல நான் பார்த்ததே இல்ல, நீங்க சேர்த்துக்கோங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஹைட்டி நாட்டுல 2010 ஜனவரில நிலநடுக்கம், அதே வருஷம் அக்டோபர்ல காலரா. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒண்ணுல இருந்து கழிவு ஆத்துல கலந்துதான் ஆரம்பிச்சுச்சு, அடுத்தடுத்த வருஷங்கள்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. வயித்துப்போக்கு வந்துட்டா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தட்டையா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கலக்கிக் குடிக்கக் குடுங்க. உப்பு கூடிடக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. இதை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி அலமாரி கதவுக்குள்ள ஒட்டிடுங்க, அந்த நேரத்துல நெட் இருக்காது.

கேள்வி: அண்ணா, 25 வருஷம் கெடாதுன்னு டப்பா சாப்பாடு விக்கிறாங்களே, வாங்கலாமா?

காசு நிறைய இருந்தா வாங்குங்க, ஆனா அவசியம் இல்ல. வீட்டுல தினமும் என்ன சாப்பிடுறீங்களோ அதையே கொஞ்சம் கூடுதலா வாங்கி, பழசை முன்னாடி வெச்சு எடுத்துட்டு புதுசைப் பின்னாடி அடுக்கினா போதும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 2,100 கலோரி, அதுதான் உலக உணவுத் திட்டம் மாதிரி ஆளுங்க வெச்சிருக்கிற கணக்கு. தீட்டின தானியம் தீட்டாததை விட ரொம்ப நாள் தாங்கும், தவிட்டுல எண்ணெய் இருக்குறதால அது சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சுடும், சமையல் எண்ணெயும் அப்படித்தான்.

வயிறு நிரம்பினா போதும்னு மட்டும் இருந்துடாதீங்க. சோவியத் உதவி நின்னு போன பிறகு கியூபாவுல 1992-93ல 50,000 பேருக்கு மேல கண் பார்வை மங்கி, கை கால் மரத்துப் போச்சு, சத்துக் குறைவு அதுல பெரிய காரணம், பி வைட்டமின் குடுத்த பிறகுதான் அது அடங்குச்சு. மாவுச்சத்தை மட்டும் மூட்டை மூட்டையா அடுக்காம பயறு வகை, கொட்டை வகை, ஒரு டப்பா வைட்டமின் மாத்திரையும் வைங்க.

கரண்ட் போனா திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24. அதனால முதல் நாள் ஃப்ரிட்ஜ், அப்புறம் ஃப்ரீசர், கடைசிலதான் உலர் பொருள். கேன் திறக்கிற கருவி இல்லாம கேன் வாங்கி அடுக்காதீங்க, சிரிக்காதீங்க, நிஜமாவே நடக்குது.

கேள்வி: என் அம்மா இன்சுலின் போடுறாங்க. நீங்க தண்ணி, சாப்பாடுன்னு சொல்றீங்க, எனக்கு பயமே வேற.

உங்க பயம்தாம்மா சரியான பயம். மரியா புயலுக்கு அதிகாரபூர்வ சாவு எண்ணிக்கை முதல்ல 64னு சொன்னாங்க, அப்புறம் ஆராய்ஞ்சு பார்த்து 2,975ன்னு மாத்தினாங்க. காத்துலயும் வெள்ளத்துலயும் போனவங்க கம்மி, மருந்து, ஆக்ஸிஜன், டயாலிசிஸ், சிகிச்சை கிடைக்காம அடுத்த மாசங்கள்ல போனவங்கதான் நிறைய.

பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குள்ள சுமார் 28 நாள் வெளியிலயும் தாங்கும், ஆனா வகைக்கு வகை மாறும், மருந்துக் கூடவே வர்ற தாள்ல இப்பவே பார்த்து மருந்துப் பெட்டி மேல எழுதிடுங்க. உறையவே கூடாது, அதனால ஐஸ் மேல நேரா வைக்காதீங்க. ரொம்ப வெயில்னா மண் பானைக்குள்ள பானை வெச்சு நடுவுல ஈர மணல் போட்டு நிழல்ல, காத்தோட்டமான இடத்துல வெச்சா வெளி வெப்பத்தை விட நல்லாவே இறங்கும், காத்து காய்ஞ்சிருந்தா இன்னும் நல்லா வேலை செய்யும், புழுக்கமான ஊர்ல பலன் கம்மி. ஊசி, பரிசோதனை பட்டை, மீட்டருக்கு பேட்டரி, சர்க்கரை திடீர்னு இறங்கினா குடுக்க இனிப்பு, எல்லாமே அதே பைல இருக்கட்டும்.

டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, ஒரு மாசம் கூடுதலா எழுதிக் குடுப்பீங்களான்னு. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில பிரஷர் மாத்திரை இதெல்லாம் பட்டுன்னு நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து, அந்த மாதிரி எது இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. டயாலிசிஸ் பண்றவங்க வீட்டுல இருந்தா, ரெண்டு மூணு நாள் தள்ளிப் போனா என்ன சாப்பிடணும், எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு மருத்துவமனையே ஒரு அவசரத் திட்டம் குடுப்பாங்க, கேட்டாதான் குடுப்பாங்க. மாத்து மூக்குக்கண்ணாடியையும் பையில போடுங்க.

கேள்வி: சார், நான் கல்லூரி மாணவன். சமுதாயமே உடைஞ்சுட்டா பக்கத்து வீட்டுக்காரனே நம்ம சாப்பாட்டைப் பிடுங்க வருவான்ல? நீங்க பாட்டுக்கு பயறு, பக்கெட்டுன்னு பேசிட்டு இருக்கீங்க. ஆயுதம், பங்கர் பத்தி சொல்லுங்க.

தம்பி, படத்துல முதல் நாளே அடிச்சுக்குவாங்க, ஏன்னா ரெண்டரை மணி நேரத்துல படத்தை முடிக்கணும். நிஜத்துல என்ன நடக்குதுன்னு பார்க்கவே 1963ல அமெரிக்காவுல ஒரு பேரிடர் ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, குவாரன்டெல்லி, டைன்ஸ்னு சமூகவியல்காரங்க, பேரிடர் நடந்த இடங்களுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தாங்க. பீதில ஓடுறது, கும்பலா கொள்ளையடிக்கிறது ரெண்டுமே நினைக்கிறதை விட ரொம்ப அபூர்வம்னுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. 2005ல அமெரிக்காவுல கத்ரீனா புயலப்போ நியூ ஆர்லியன்ஸ் ஸ்டேடியத்துல தஞ்சம் புகுந்தவங்களைப் பத்தி கொலை, பலாத்காரம்னு வந்த செய்தில பெரும்பகுதி வதந்தின்னு அப்புறம் தெரிஞ்சுது, ஆனா அதுக்குள்ள அந்த வதந்தியாலயே மீட்பு வேலை தாமதமாச்சு. ஜப்பான்ல 1995 கோபே நிலநடுக்கத்துல இடிபாட்டுல இருந்து உயிரோட வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களைத் தோண்டி எடுத்தது வீட்டு ஆளும் பக்கத்து வீட்டு ஆளும்தான். நீ சுடணும்னு நினைக்கிற அதே ஆள்.

எல்லாரும் நல்லவங்கன்னு நான் சொல்ல வரலை. ஒரு வாரத்துக் கதை வேற, மூணு வருஷத்துக் கதை வேற. சரஜேவோவுல கள்ளச்சந்தைக்காரங்க கொழுத்தாங்க, ஆயுதக் கும்பல்ங்க ஆட்டம் போட்டாங்க. அர்ஜென்டினாவுல 2001 டிசம்பர்ல கடை சூறையாடல் நடந்துச்சு. அரசாங்கம் ரொம்ப நாள் இல்லாம போனா அந்த இடத்துக்கு யாராவது வந்து உக்காருவாங்க, அது ஒரு தனி ஆளு துப்பாக்கி வெச்சு தீர்க்கிற பிரச்சினை இல்ல, நீ எப்போ தூங்குவ? முழுச்சிருக்க இன்னொரு ஆள் வேணும்ல, அந்த ஆளை இப்பவே சம்பாதி.

சமுதாயம் உடையுறதுங்கிறது பெரும்பாலும் ஒரு நாள் காலைல நடக்கிறதும் இல்ல. பஸ் குறையும், மருந்து வராது, சம்பளத்துக்கு மதிப்பு போகும், டாக்டரும் டீச்சரும் வேற நாட்டுக்குக் கிளம்புவாங்க, நடுவுல கல்யாணமும் பரீட்சையும் நடந்துக்கிட்டே இருக்கும். கியூபாவுல பெட்ரோல் இல்லாமப் போனப்போ அரசாங்கம் சீனாவுல இருந்து பத்து லட்சத்துக்கு மேல சைக்கிள் இறக்குமதி பண்ணுச்சு. சோவியத் உடைஞ்ச பிறகு ரஷ்யாவுல லட்சக்கணக்கான குடும்பம் ஊருக்கு வெளிய இருந்த சின்னத் தோட்டத்துல போட்ட உருளைக்கிழங்குல குளிர்காலத்தைத் தள்ளுச்சு. அங்கெல்லாம் பிழைச்சவன் சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிஞ்சவன், தையல் தெரிஞ்சவன், பல் பிடுங்கத் தெரிஞ்சவன். ஆயுதத்துக்கு ஒதுக்கின காசுல முதலுதவிப் பயிற்சிக்குப் போ, ரத்தம் நிறுத்தக் கத்துக்கோ.

பங்கர்? சுவிட்சர்லாந்துல 1960கள்ல இருந்து சட்டம் போட்டு மொத்த ஜனத்தொகைக்கும் இடம் கட்டி வெச்சிருக்காங்க, ஒரு நாடே சேர்ந்து பண்ற வேலை அது, பராமரிக்கவும் ஆள் இருக்கு. தனியா நீ தோண்டினா மழைத்தண்ணி தேங்கும். சேர்த்து வெச்சிருக்கிறதை ஊருக்குக் காட்டி போட்டோ போடாம இரு, அது போதும்.

கேள்வி: பேங்க் மூடிட்டா? தங்கம் வாங்கி வைக்கலாமா?

பேங்க் மூடுறது நிஜமாவே நடக்கும். சைப்ரஸ்ல 2013 மார்ச்ல கிட்டத்தட்ட ரெண்டு வாரம் மூடினாங்க, கிரீஸ்ல 2015ல ஏ.டி.எம்.ல ஒரு நாளைக்கு 60 யூரோதான், அர்ஜென்டினாவுல 2001ல வாரத்துக்கு 250 பெசோ. 2025 ஏப்ரல் 28 அன்னைக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் முழுக்க கரண்ட் போனப்போ கார்டு வேலை செய்யாம கைல காசு இருந்தவங்கதான் பொருள் வாங்கினாங்க. அதனால ரெண்டு மூணு வாரச் செலவுக்கு ரொக்கம், எல்லாம் சின்ன நோட்டா, பெரிய நோட்டுக்கு யாரும் சில்லறை தர மாட்டாங்க. தங்கம் நாட்டை விட்டே போகிற நிலைமைக்கு உதவும், ரொட்டி வாங்க உதவாது. கடன் இல்லாம இருக்கிறது ரெண்டையும் விட நல்லது.

கேள்வி: ஜெனரேட்டர் வாங்கியாச்சு. மழைல நனையக் கூடாதுன்னு பால்கனில வெச்சு ஜன்னலைத் திறந்து விட்டா போதும்ல?

போதாது, போதவே போதாது, இன்னைக்கே அங்க இருந்து எடுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வர மாதிரி இருக்கும், அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டீங்க. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல குளிர்ல கரண்ட் போனப்போ வீட்டுக்குள்ள கரி அடுப்பு மூட்டினவங்க, கராஜ்ல காரை ஓட விட்டு உக்காந்தவங்கன்னு பல பேர் இப்படித்தான் போனாங்க. வீட்டுல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளில, புகை ஜன்னல் பக்கம் திரும்பாம. மேல தகரக் கூரை போட்டுக்கோங்க, சுத்தி மூடாதீங்க. இடம் இல்லைன்னா ஜெனரேட்டரை வித்துட்டு பேட்டரியும் சோலார் பலகையும் வாங்குங்க, போன், ரேடியோ, எல்.இ.டி. விளக்கு, சின்ன ஃபேன் இதுக்கெல்லாம் அதுவே தாராளம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு கண்டிப்பா மாட்டுங்க. வீட்டு பிளக்ல சொருகி வீடு முழுக்க கரண்ட் குடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேன் செத்துடுவார்.

கேள்வி: நான் இதையெல்லாம் பேச ஆரம்பிச்சா என் மனைவி சிரிக்கிறாங்க, பசங்க பயப்படுறாங்க. வீட்டுல எல்லாரையும் எப்படி சம்மதிக்க வைக்கிறது?

உலகம் அழியப் போகுதுன்னு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல பேசினா யார்தான் சிரிக்க மாட்டாங்க. அந்தப் பேச்சையே விடுங்க. ஒரு லீவு நாள்ல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் மெயின் சுவிட்சையும் தண்ணி வால்வையும் மூடிட்டு இருந்து பாருங்க, முன்கூட்டியே சொல்லிட்டு, வயசானவங்க உடம்பு முடியாதவங்க இருந்தா அவங்களுக்கு வேண்டியதை விட்டுட்டு. டார்ச் எங்க, தீப்பெட்டி எங்க, போன்ல இருக்கிற நம்பர் ஒண்ணாவது யாருக்காவது மனப்பாடமா தெரியுமா, எல்லாம் அன்னைக்கே தெரிஞ்சுடும். உங்க மனைவி கண்டுபிடிக்கிற குறையை அவங்களே எழுதட்டும், நீங்க எழுதாதீங்க.

பசங்களுக்கு பயம் போகணும்னா வேலை குடுங்க. சின்னவங்க டார்ச் பேட்டரி பார்க்கட்டும், பெரியவங்க வேற ஊர்ல இருக்கிற ஒரு உறவுக்காரர் நம்பரை எல்லார் பைலயும் எழுதி வைக்கட்டும், குடும்பம் பிரிஞ்சா எல்லாரும் அவருக்கு மெசேஜ் அனுப்பணும், அவர் மூலமா சேரணும். உள்ளூர்ல லைன் நெரிசலா இருக்கும்போது கால் போகாது, சாதா எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்ச் சேரும். வீட்டுக்கிட்ட ஒரு இடம், வீட்டுக்கே வர முடியலைன்னா தூரமா இன்னொரு இடம், ரெண்டையும் பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க, ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வரணும்னு ஸ்கூல்லயும் சொல்லி வைங்க.